கறுப்புன்னா பெருசு

நாள் 611 | 07:10 | வெளிக்கொட்டகை

ஒரு எஞ்சின் சரியாக ஓடுகிறது என்று காதுக்கு எப்படித் தெரிகிறது? எனக்குத் தெரியாது. தனக்குத் தெரியும் என்கிறார் லூர்துராஜ். அவர் இப்போது நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். காதை இங்கே விட்டுப் போகவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்குச் சில விவரங்கள். இடம், சனிக் கோளின் நிலாவான டைட்டன். நிலையத்தில் இருப்பவர்கள் இரண்டு பேர். நான் வேதவல்லி, வளிமண்டல வேதியியல், வயது நாற்பத்தொன்பது. லூர்துராஜ், இயந்திரப் பராமரிப்பு, நாற்பத்து மூன்று, சொந்த ஊர் திண்டுக்கல். மற்ற நால்வரும் மூன்று மாதம் முன்பு கப்பலேறிவிட்டார்கள். அடுத்த கப்பல் ஏழு மாதம் கழித்து.

காலை அளவீடு: வெளி வெப்பநிலை −179. அழுத்தம் 1.46. காற்றில் மீத்தேன் 5.1 விழுக்காடு, மீதி பெரும்பாலும் நைட்ரஜன். திரவ ஆக்சிஜன் இருப்பு 16 லிட்டர். நாள்தோறும் தயாராகும் ஒரு லிட்டர் நான் மூச்சுவிடவே சரியாகப் போகிறது.

வழக்கத்துக்கு மாறானது: நிலையத்தின் ஒரே ஊர்தியில் லூர்துராஜ் இரண்டாம் குடிலுக்குப் போனார். அங்குள்ள வானிலைக் கம்பத்தைப் பழுதுபார்க்க. நேற்று 15:30-க்கு ஊர்தியின் மின்கலம் குளிரில் செத்தது. குடிலில் அவருக்கான ஆக்சிஜன் நாள் 613, மாலை 18:00 வரை. ரேடியோ தெளிவாக இருக்கிறது. ஆள் நன்றாக இருக்கிறார். பாட்டுப் பாடுகிறார்.

கொட்டகையில் இன்னொரு வண்டி நிற்கிறது. அவர் ஓய்வு நேரத்தில் கட்டிய மோட்டார் சைக்கிள். நூறு சிசி. மின்கலம் சாகும், எஞ்சின் சாகாது என்பது அவர் கட்சி. பூமியில் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது, டேங்கில் எரிபொருளை ஊற்றுகிறோம். இங்கே மீத்தேன் கலந்த காற்றே எரிபொருள். ஆகவே டேங்கில் ஆக்சிஜனை ஊற்ற வேண்டும். இந்தக் குளிரில் அது பெட்ரோல் போலத் திரவமாகவே நிற்கிறது. பழைய பாணி கார்ப்பரேட்டர் வழியாக இறங்குகிறது. இதில் எனக்கு வியப்பு எதுவுமில்லை, வேதியியல் அவ்வளவுதான்.

வண்டி இன்னும் ட்யூன் செய்யப்படவில்லை. அதைச் செய்ய வேண்டியவள் நான்.


நாள் 611 | 11:40 | தொடர்பு மேசை

பூமிக்குச் செய்தி போக எழுபத்தெட்டு நிமிடம், பதில் வர எழுபத்தெட்டு நிமிடம். நேற்று மாலை கேட்டதற்கு இன்று பதில் வந்தது. இடையில் இருந்த பதினாறு மணி நேரத்துக்கு ஒளியின் வேகம் பொறுப்பல்ல.

"முனைவர் வேதவல்லி அவர்களுக்கு. தாங்கள் குறிப்பிடும் இருசக்கர வாகனம் நிலையத்தின் சொத்துப் பட்டியலில் இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாத வாகனத்தில் பணியாளர் பயணம் செய்ய அனுமதி வழங்க இயலாது. மாற்று வழிகள் பரிசீலனையில் உள்ளன. தாமோதரன், இயக்குநர்."

மாற்று வழி என்று ஒன்றும் இல்லை. இரண்டாவது ஊர்தியைச் சரக்குப் பட்டியலிலிருந்து நீக்கியவர் இதே தாமோதரன். ஒன்றே போதும் என்ற அறிக்கையில் ஐந்து கையெழுத்துகள் இருந்தன. ஐந்தில் ஒன்று என்னுடையது.

மோட்டார் சைக்கிள் பட்டியலில் இல்லாததற்கும் காரணம் நான்தான். சென்ற மாதம் லூர்துராஜ் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது, 'நேர விரயம், ஆக்சிஜன் விரயம், அறிவியல் பயன் இல்லை' என்று எழுதினேன். அவர் வண்டிக்குத் துணி போர்த்தி மூடிவிட்டார். பாதி வேலையில்.

தாமோதரனுக்குப் பதில் எழுதவில்லை. எழுதினால் மரியாதை இருக்காது.


நாள் 611 | 16:20 | வெளிக்கொட்டகை

சோதனை ஓட்டம் 1. பின்சக்கரம் சுழல் உருளை மீது. ஆக்சிஜன் செலவு 1.3 லிட்டர்.

உதைத்தவுடன் கிளம்பியது. இழுவை இல்லை. ஆக்சிலேட்டரைத் திருகினால் திணறி, இருமி, அடங்கிவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். கரிக்கட்டை மாதிரி கறுப்பு.

ரேடியோவில் அவர்:

"மேடம், சத்தத்தைக் கேட்டேன். மூச்சு முட்டுது அதுக்கு. பிளக்கு எப்படி இருக்கு?"

"கறுப்பு."

"சுத்தக் கறுப்பா, இல்ல பழுப்புக் கறுப்பா?"

"கறுப்பில் எத்தனை வகை உண்டோ எனக்குத் தெரியாது, லூர்துராஜ். கறுப்பு."

"சரி சரி, கோவப்படாதீங்க. உள்ள இருக்கிறது தொண்ணூத்திரண்டு. எண்பத்தெட்டு போட்ருங்க. டப்பாவுல இருக்கும். ஜெட்டைத் துணியால ஒரு துடை துடைச்சிட்டு மாட்டுங்க."

"எண்ணெய்த் துணியாலா? திரவ ஆக்சிஜன் ஓடும் இடத்திலா? கொட்டகையோடு சேர்த்து நானும் போய்விடுவேன்."

"அட, சுத்தமான துணி மேடம்! இருவத்திரண்டு வருசமா வண்டி பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

குறிப்பு: ஜெட் என்பது கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் சிறிய பித்தளைத் திருகு. நடுவில் துளை. எண் 92 என்றால் துளை 0.92 மில்லிமீட்டர். டேங்கிலிருந்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது.

இதை வெளியே, கையுறையோடு மாற்ற முடியாது. கார்ப்பரேட்டரைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் மெதுவாகச் சூடேற்ற மூன்று மணி நேரம். வேலை முடிந்தபின் மெதுவாகக் குளிரவைக்க மூன்று மணி நேரம். அவசரப்பட்டால் உலோகம் விரிசல்விடும். ஆக, ஒரு ஜெட்டுக்கு ஆறு மணி நேரம். அவரிடம் இருப்பது ஐம்பது மணி நேரம்.

ஏன் இவ்வளவு துல்லியம் தேவை என்று கேட்கலாம். எனக்கே நான் இதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. போக நூற்று நாற்பது, திரும்ப நூற்று நாற்பது. டேங்க் கொள்வது பதினொரு லிட்டர். ஜெட் சிறிதாக இருந்தால் வண்டி மணல்மேடு ஏறாது. பெரிதாக இருந்தால் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும், இருவரும் வழியில் நிற்போம். நடுவே ஓர் அளவுதான் உண்டு.


நாள் 612 | 08:40 | வெளிக்கொட்டகை

சோதனை ஓட்டம் 2. ஜெட் 88. செலவு 1.1 லிட்டர்.

நேற்றைவிட மோசம். மூன்றாம் உதையில் கிளம்பி நாற்பது விநாடியில் நின்றது. பிளக் மறுபடியும் கறுப்பு.

"இன்னும் முட்டுதே மேடம். எண்பத்தஞ்சு போடுங்க."

"எண்பத்தெட்டில் மோசமாகியிருக்கிறது. இன்னும் அதே திசையில் போகச் சொல்கிறீர்கள்."

"பிளக்கு கறுப்புதானே? கறுப்புன்னா இறங்குறது ஜாஸ்தி. குறைக்கணும். இது சின்னப் பையனுக்கும் தெரியும்."

"எனக்கு உறுத்துகிறது."

"உங்களுக்கு எதுதான் மேடம் உறுத்தல? சோத்துல உப்பு போட்டாக்கூட அளவுக் கருவி வச்சுப் பாப்பீங்க. நம்புங்க. சத்தம் எனக்குத் தெரியும்."

அவர் குரலில் சற்று இழுப்பு. குடிலில் வெப்பத்தைக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க.

வாதாடவில்லை. சென்ற மாதம் வாதாடி வென்றதன் பலனைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். கார்ப்பரேட்டரைக் கழற்றினேன்.


நாள் 612 | 15:25 | வெளிக்கொட்டகை

சோதனை ஓட்டம் 3. ஜெட் 85. செலவு 0.5 லிட்டர். ஓட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இருபத்திரண்டு உதை. ஒரு முறை சைலன்சரில் வெடித்தது. அவ்வளவுதான்.

வலது முழங்கால் வீங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்தேன். தலைவிளக்கின் ஒளி சுவரில் சாய்வாக விழுந்தது. அங்கே ஒரு எழுத்தின் தடம். துடைத்த தடம்.

துடைத்தது நான்தான். சென்ற மாதம் பூமிக்குக் கொட்டகையின் ஆய்வுப் படங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. பட்டியலில் இல்லாத வண்டியைத் துணியால் மூடியாகிவிட்டது, சுவரில் மெழுகுக் குச்சியால் கிறுக்கியிருப்பது மட்டும் எதற்கு என்று கரைப்பான் விட்டுத் துடைத்தேன். படிக்கக்கூட இல்லை. இப்போது படித்தேன். சாய்ந்த ஒளியில் எல்லாமே தெரிந்தது.

'கறுப்புன்னா பெருசு. வெள்ளைன்னா சிறுசு. மறக்காதே லூர்து.'

பிளக்கைக் கழற்றி விளக்கில் பிடித்தேன்.

பிளக்கில் படிவது கரி. கரி மிஞ்சுகிறது என்றால் அதை எரிக்க ஆக்சிஜன் போதவில்லை. ஜெட் வழியாக இறங்குவது ஆக்சிஜன். துளையைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்க வேண்டும்! பூமியில் டேங்கில் இருப்பது பெட்ரோல், அதனால் அங்கே கறுப்பென்றால் சிறிய ஜெட். இங்கே எல்லாமே தலைகீழ். முதல் நாள் முதல் பதிவில் நானே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புச் சமன்பாடு. முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன். யாரையும் நம்பாதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். நம்பக் கூடாத ஒரே இடத்தில் போய் நம்பினேன், ஏனென்றால் அவர் 'இருவத்திரண்டு வருசம்' என்றார், எனக்குக் குற்ற உணர்வு இருந்தது.

பன்னிரண்டு மணி நேரம். ஏறக்குறைய மூன்று லிட்டர் ஆக்சிஜன். ஒரு ஆளின் உயிரில் நான்கில் ஒரு பங்கு, தப்பான திசையில்.

ரேடியோவை எடுத்தேன். என் குரல் உயர்ந்திருந்தது. பதிவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"லூர்துராஜ். உங்கள் வண்டியின் டேங்கில் என்ன இருக்கிறது?"

"என்ன மேடம் கேள்வி இது..."

"சொல்லுங்கள். டேங்கில் என்ன இருக்கிறது?"



"ஐயோ."

"சொல்லுங்கள்."

"ஐயோ மேடம். ஐயோ மாதாவே. பெட்ரோல் இல்லைல்ல. அதுல பெட்ரோல் இல்லைல்ல... நாந்தானே மேடம் கட்டுனேன் அந்த வண்டிய. கைப் பழக்கம். கறுப்புன்னதும் வாய் தானா சொல்லிருச்சு. அதுக்குத்தானே செவுத்துல எழுதி வச்சேன். நீங்க பாக்கலையா?"

"துடைத்துவிட்டேன்."



"சரி விடுங்க மேடம்."

"விட முடியாது. பெரிய ஜெட்டுகள் எங்கே? டப்பாவில் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் ஒன்றுமில்லை."

இந்த முறை அவர் சிரித்தார். சிரிப்பின் நடுவில் மூச்சு வாங்கியது.

"சட்டைப் பையில கெடக்கு மேடம். நூறு, நூத்தஞ்சு, நூத்திப்பத்து, எல்லாம் எங்கிட்ட. கூடவே ரெண்டு பைலட் ஜெட்டு. மெக்கானிக் சட்டைப் பையில வேற என்ன இருக்கும்?"

அவரை அந்த நிமிடம் கொன்றிருப்பேன். நூற்று நாற்பது கிலோமீட்டர் அவரைக் காப்பாற்றியது.


நாள் 612 | 19:15 | ஆய்வகம்

92-ஐத் துளையிட்டுப் பெரிதாக்க வேண்டும். ஆய்வகத்தில் மெல்லிய துளைக்கம்பிகள் இரண்டு உள்ளன. ஒன்று 1.0 மில்லிமீட்டர், மற்றது 1.1. துளையைப் பெரிதாக்கலாம், பிறகு சிறிதாக்க முடியாது. இருப்பது ஒரே ஒரு 92.

1.0 எடுத்தேன். கையாலேயே திருகினேன். நகத்தில் ஒட்டும் அளவு பித்தளைத் தூள் வந்தது. கரைப்பானில் மூன்று முறை கழுவினேன்.

லூர்துராஜ் பேச்சைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"பேசுனா காத்து வீணாப் போகுது மேடம். நீங்க மைக்கை எஞ்சின் பக்கத்துல வச்சிருங்க. நான் கேட்டுக்கிட்டே கெடப்பேன். சரியா இருந்தா மைக்குல ரெண்டு தட்டு தட்டுவேன். தப்புன்னா ஒரு தட்டு."

"பதில் சொல்வது கைப் பழக்கமாக இருக்கக் கூடாது."

"குத்தாதீங்க மேடம். காது தப்பு பண்ணல. முட்டுதுன்னுதானே சொன்னேன்? முட்டத்தானே செஞ்சுது? வாய்தான் தப்பு."

அது உண்மை. பதிவு செய்கிறேன்.


நாள் 613 | 09:00 | வெளிக்கொட்டகை

சோதனை ஓட்டம் 4. ஜெட் 1.0. செலவு 1.4 லிட்டர்.

முதல் உதையில் கிளம்பியது. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஏறுகிறது. உருளை மீது முப்பது கிலோமீட்டர் வேகம் வரை இழுத்தது. நடு வேகத்தில் மட்டும் லேசாக மிஸ்ஸிங், துடிப்பு விட்டுவிட்டு வருகிறது. பிளக் கரும்பழுப்பு. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

மைக்கை எஞ்சின் அருகில் வைத்தேன்.

ஒரு தட்டு.

1.1 போடலாமா என்று கேட்டேன். ஒரு தட்டு. பிறகு என்ன என்றேன். சற்றுப் பொறுத்துக் குரல் வந்தது, கிசுகிசுப்பாக:

"ஊசி. கிளிப்பு. ஒரு காடி கீழ."

கார்ப்பரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஊசியின் மேல்முனையில் காடிகள் இருக்கின்றன. கிளிப்பைக் கீழ்க் காடியில் மாட்டினால் ஊசி உயரும், நடு வேகத்தில் கூடுதலாக இறங்கும். திசை சரியா என்று இந்த முறை காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். சரிதான். கிளிப் நகத்துணுக்கு அளவு. கையுறையோடு முடியாது. மறுபடியும் ஆறு மணி நேரம்.

அப்படியே விட்டுக் கிளம்பினால் என்ன? கணக்குப் போட்டேன். இப்போதிருக்கும் நிலையில் லிட்டருக்கு இருபத்தொரு கிலோமீட்டர். போய்ச் சேரலாம், திரும்ப முடியாது. அவர் காது சொல்வதும் என் கணக்கு சொல்வதும் ஒன்றே. எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது.


நாள் 613 | 15:50 | வெளிக்கொட்டகை

சோதனை ஓட்டம் 5. செலவு 0.7. இருப்பு 11.0 லிட்டர்.

பிளக்கைக் கழற்றினேன். டீயில் நனைக்கத் தகுந்த பிஸ்கட்டின் நிறம். அளந்ததில் லிட்டருக்கு இருபத்தேழு.

மைக்கை வைத்துக் காத்திருந்தேன். எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருந்தது, மழை ஓட்டில் விழுவதுபோல ஒரே சீராக. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஆக்சிஜன் எரிகிறது, நிறுத்த வேண்டும். நிறுத்த மனமில்லை.

ரெண்டு தட்டு.

கிளம்பியிருப்பேன். உடையின் சூடேற்றி மின்கலம் பதினொரு விழுக்காடு. மூன்று நாளாகக் கொட்டகையில் நின்று நானே தீர்த்தது. முழுவதும் ஏறப் பதினான்கு மணி நேரம். அரைகுறையாகப் போனால் இருபதாவது கிலோமீட்டரில் நான் பனிக்கட்டி. நிலையத்தில் வேறு உடை இல்லை. இன்னொன்று அவர் மேல் இருக்கிறது.


நாள் 613 | 19:30 | தொடர்பு மேசை

18:00 கடந்துவிட்டது. 16:00 முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டேன். தட்டு இல்லை. 17:10-க்குப் பிறகு அவர் பக்கத்து ரேடியோ இரைச்சல்கூட இல்லை.

பூமியிலிருந்து வந்தது, 19:12:

"முனைவர் வேதவல்லி அவர்களுக்கு. இரண்டாம் குடிலின் ஆக்சிஜன் இருப்பு 18:00 மணியுடன் முடிவுற்றது. பணியாளர் லூர்துராஜ் அவர்களின் மறைவு அந்நேரத்தில் பதிவு செய்யப்பட்டது. அவருடைய மனைவி திருமதி பிலோமினா அவர்களுக்கு முறைப்படி தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. தங்கள் பாதுகாப்பு கருதி, மேற்படி வாகனத்தை இயக்க வேண்டாம் என மீண்டும் அறிவுறுத்தப்படுகிறது. ஆழ்ந்த இரங்கல். தாமோதரன்."

கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே 19:12-க்கு வந்து சேர வேண்டுமானால் அங்கே 17:54-க்கு அனுப்பியிருக்க வேண்டும். 'முடிவுற்றது' என்று எழுதியபோது இன்னும் முடியவில்லை. 'தெரிவிக்கப்பட்டது' என்று எழுதியபோது ஆறு நிமிடம் பாக்கி. அலுவலகம் மூடும் நேரமாக இருந்திருக்கும். ஒரு மனிதன் சாவதற்கு ஆறு நிமிடம் முன்பே அவன் மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லி, கோப்பை மூடி, இரங்கலும் தெரிவித்துவிட்டார்கள்.

பட்டியலில் இல்லாத வண்டியால் யாரையும் காப்பாற்ற முடியாது. ஆகவே அவர் செத்துத்தான் ஆக வேண்டும். அவர்கள் காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

தாமோதரனுக்கு ஒரே வரி அனுப்பினேன்: "நாளை 07:30-க்குப் புறப்படுகிறேன்."

எனக்கு நம்பிக்கை எதுவும் கிடையாது. எந்தக் கணக்கிலும் அவர் உயிரோடு இல்லை. நாளை உடலை எடுத்துவரப் போகிறேன் என்றே எண்ணுகிறேன். இருவருக்கானால் முகமூடி ஆக்சிஜன் உருளைகள் நான்கு வேண்டும், எனக்கு மட்டுமானால் இரண்டே போதும். நிலையத்தின் மூச்சுக் காற்றிலிருந்து நான்கை நிரப்பி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.


நாள் 614 | 16:05 | இரண்டாம் குடில்

நடந்தது இது.

07:30 புறப்பாடு. வண்டி முதல் உதையில் கிளம்பியது. எங்கும் ஆரஞ்சுப் புழுதி மங்கல். பார்வை இருநூறு மீட்டர். மைக்கை எஞ்சின் பக்கமாகத் திறந்தே வைத்திருந்தேன். தட்டு எதுவும் வரவில்லை.

கி.மீ. 61: மணல்மேட்டின் சரிவில் விழுந்தேன். எடை இங்கே ஏழில் ஒன்று, அடி பலமில்லை. ஹாண்டில்பார் இடப்பக்கம் வளைந்தது. வளைந்தபடியே ஓட்டினேன்.

கி.மீ. 88: மிஸ்ஸிங். இறங்கி ஊசி மூடியைத் தட்டினேன். சரியாயிற்று. ஏன் சரியாயிற்று என்று தெரியாது.

அதன்பிறகு ஒரே சத்தம். அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நூறாவது கிலோமீட்டரைத் தாண்டியபின் அளவுக் கருவியைப் பார்க்கவில்லை.

14:10 குடில் தெரிந்தது. விளக்கு இல்லை.

14:22 உள்ளே போனேன். குளிர். அவர் தரையில் படுத்திருந்தார், குடிலின் வெப்பக் காப்புத் தாள்களைச் சுவரிலிருந்து பிய்த்து மேலே சுற்றிக்கொண்டு. முகம் சாம்பல். நான் வாசலிலேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று பதிவு செய்யப் போவதில்லை.

ஆக்சிஜன் குழாய் அவர் கையருகில் போனது. அதன்மேல் ஒரு விரல் கிடந்தது. விரல் அசைந்தது.

ரெண்டு தட்டு.

குழாயை அறுத்து நடுவில் ஒரு பித்தளைத் திருகை இறுக்கியிருந்தார். பைலட் ஜெட், எண் 35, துளை 0.35 மில்லிமீட்டர். சட்டைப் பையில் கிடந்தது. அசையாமல் படுத்திருக்கும் ஆளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் இறங்கும்படி தன் மூச்சையே ட்யூன் செய்திருக்கிறார். ரேடியோவையும் வெப்பத்தையும் நேற்று மாலையே அணைத்துவிட்டார். தாமோதரனின் கணக்கு நடமாடும் மனிதனுக்கானது. என் கணக்கும் அதேதான்.

உருளையை மாட்டினேன், அவர் மிச்சம் பிடித்த மின்சாரத்தில் குடிலின் வெப்பத்தை மறுபடி போட்டேன். இருபது நிமிடம் கழித்து முகமூடி ரேடியோவில் முதல் பேச்சு:

"பிளக்கைக் கழட்டிக் காட்டுங்க மேடம்."

திட்டினேன். நாற்பத்தொன்பது வயதில் முதன்முறையாகப் பயன்படுத்திய சொற்கள். பதிவு தேவையில்லை. திட்டிவிட்டு வெளியே போய்ப் பிளக்கைக் கழற்றி வந்து காட்டினேன். விளக்கருகே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிஸ்கட்டு" என்றார். "பிளக்குல கையெழுத்து நல்லா இருக்கு மேடம் உங்களுக்கு."

பிறகு பிலோமினாவுக்குச் சொல்லிவிட்டார்கள் என்பதைச் சொன்னேன். மறைக்கலாமா என்று யோசித்தேன். முடியவில்லை.

"என்னைக்கு?"

"நேற்று. நீங்கள் சாவதற்கு ஆறு நிமிடம் முன்னால்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கோயிலுக்குப் போயிருப்பா. பூசைக்குச் சொல்லிருப்பா. அவ அண்ணன் வந்திருப்பான், பந்தல்காரனுக்கு ஆள் அனுப்பிருப்பான்... நேத்து ராத்திரி முழுக்க அவ என்ன மேடம் பண்ணிருப்பா?"

எனக்குத் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு கையுறைகள் வழியாக.

டேங்கில் மீதி 5.7 லிட்டர். திரும்பத் தேவை 5.2. அவர் உட்காரத் தேறியதும் கிளம்புகிறோம். பெரிய ஜெட்டுகளை அவர் பையிலிருந்து எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் பழுதுபார்த்த வானிலைக் கம்பத்தின் வழியாகப் பூமிக்கு அனுப்பியது, முழுவதும்:

"லூர்துராஜ் உயிரோடு இருக்கிறார். தாமோதரன் அவர்களே, நீங்களே திண்டுக்கல்லுக்கு நேரில் போய் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். தொலைபேசியில் அல்ல. எந்தப் பட்டியலில் எது இல்லை என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். ஊர்தி தொடர்பான அறிக்கையில் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். வேதவல்லி."

அனுப்பியது 15:20. அங்கே போய்ச் சேர 16:38 ஆகும். இப்போது 16:05.

இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகமூடியை விலக்கி விலக்கி வெந்நீரை ஊதி ஊதிக் குடிக்கிறார். பூமியில் இன்னும் முப்பத்து மூன்று நிமிடம் இவர் செத்தவர்.